மாடித் தொட்டி சொல்வது மோட்டாருக்குக் கேட்க வேண்டும்: வயர்லெஸ் பிழைகளைச் சமாளிக்க ஒரு வழிகாட்டி

மேசைமேல் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எல்லா வயர்லெஸ் புராஜெக்ட்டும் ஒழுங்காகவே ஓடும். ஒரு போர்டை மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியிலும் மற்றொன்றைக் கீழே சம்ப் மோட்டார் பக்கத்திலும் மாட்டிய பிறகுதான் சேட்டை தொடங்கும். தொட்டி நிரம்பிவிட்டது என்று மேலிருந்து கிளம்பிய செய்தி கீழே வந்து சேராது. மோட்டார் பாட்டுக்கு ஓடும். தண்ணீர் வழிந்து தெருவுக்கு வந்த பிறகு பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிட்டுச் சொல்வார்.

அந்த நிலையில் இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எடுத்துக்கொள்ளும் உதாரணம் இதுதான்: இரண்டு ஆர்டுயினோ நானோ (நிரல் ஏற்றி ஓட்டும் சின்ன போர்டு), நோர்டிக் செமிகண்டக்டரின் என்ஆர்எஃப்24எல்01 பிளஸ் ரேடியோ மாட்யூல் இரண்டு, மேலே ஒரு அல்ட்ராசோனிக் சென்சார், கீழே மோட்டாரைக் கட்டுப்படுத்தும் ரிலே. இந்தச் சில்லைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. பிழை கண்டறிதல், ஒப்புகை (வந்து சேர்ந்தது என்று பதில் சொல்வது), மறு அனுப்பல் மூன்றையும் இது தானே செய்யும். ஒவ்வொன்றையும் நாம் திருகிப் பார்க்கவும் விடும். வைஃபையிலும் கைபேசியிலும் நடப்பது இதன் பெரிய வடிவம்தான். (ரிலேக்கு அந்தப் பக்கம் 230 வோல்ட் இருக்கிறது. அந்த வயரிங்கை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.)

படி 1: பிட்டைத் திட்டும் முன் மின்சாரத்தைப் பாருங்கள்

பாக்கெட் (ரேடியோ ஒரே மூச்சில் அனுப்பும் செய்திப் பொட்டலம்) தொலைகிறது என்றதும் எல்லோரும் நிரலைத்தான் நோண்டுவார்கள். பெரும்பாலும் குற்றவாளி 3.3 வோல்ட் சப்ளைதான். ரேடியோ அனுப்பத் தொடங்கும் கணத்தில் மின்னோட்டம் சட்டென்று எகிறும். சப்ளை தடுமாறினால் பாக்கெட் பாதியிலேயே கெடும். மாட்யூலின் விசிசி, கிரவுண்ட் கால்களுக்கு இடையே, முடிந்தவரை ஒட்டி, 10 முதல் 100 மைக்ரோஃபாரட் வரை ஒரு கெப்பாசிட்டரைச் சால்டர் செய்யுங்கள். ஆன்டெனா திருகி மாட்டும் பெரிய மாட்யூல் என்றால் அது 100 மில்லி ஆம்பியருக்கு மேல் கேட்கும். ஆர்டுயினோவின் 3.3 வோல்ட் பின் அதற்குத் தாங்காது. தனி ரெகுலேட்டர் வையுங்கள். விசிசியில் 5 வோல்ட் கொடுத்துவிடாதீர்கள், சில்லு போய்விடும்.

படி 2: சேனலைத் தேர்ந்தெடுங்கள்

இந்தச் சில்லில் சேனல் எண் 0 முதல் 125 வரை. 2400 மெகாஹெர்ட்ஸோடு சேனல் எண்ணைக் கூட்டினால் அதிர்வெண் வந்துவிடும். வீட்டு வைஃபையின் 1, 6, 11 சேனல்கள் 2412, 2437, 2462 மெகாஹெர்ட்ஸை நடுவாகக் கொண்டு ஆளுக்கு 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் பிடித்துக்கொள்கின்றன. ஆக, 11ஆம் சேனல் 2472இல் முடிகிறது. அதைத் தாண்டி 76 முதல் 80 வரை ஏதாவது ஒன்றை வைத்தால் பொதுவாகக் கொஞ்சம் அமைதி கிடைக்கும். இணையத்தில் பல மாதிரி நிரல்களில் 100க்கு மேலான சேனல் போட்டிருப்பார்கள், ‘வைஃபை தொல்லையே இல்லை’ என்று. இந்தியாவில் உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம் என்ற அனுமதி 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரைதான். அதற்கு மேல் போக வேண்டாம்.

படி 3: பாக்கெட்டைச் சின்னதாக வைத்து, சிஆர்சியை இரண்டு பைட்டாக்குங்கள்

ஒரு பாக்கெட்டில் உங்கள் தரவு மட்டும் போவதில்லை. ப்ரீஆம்பிள் (பாக்கெட் வருகிறது என்ற முன்னறிவிப்பு) 8 பிட், முகவரி 40 பிட், கட்டுப்பாட்டுப் பகுதி 9 பிட், கடைசியில் பிழையைப் பிடிக்கும் சிஆர்சி 16 பிட். தரவு 8 பைட் என்றால் மொத்தம் 137 பிட். தரவு 32 பைட் என்றால் 329 பிட். காற்றில் ஆயிரத்துக்கு ஒரு பிட் வீதம் கெடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 137 பிட்டும் பழுதில்லாமல் வந்து சேர 87 சதவீத வாய்ப்பு. 329 பிட்டுக்கு அது 72 சதவீதம். ஒரே ஒரு பிட் கெட்டாலும் முழு பாக்கெட்டும் குப்பைதான் என்பதால் நீளம் கூடக் கூட இழப்பும் கூடும். தொட்டியில் எத்தனை சதவீதம் தண்ணீர் என்று சொல்ல ஒரு பைட் போதும். ‘டேங்க் லெவல் ஈக்வல் டு’ என்று எழுத்துச் சரமாக அனுப்புவதை நிறுத்துங்கள்.

சிஆர்சி என்பது தரவின் பிட்டுகளை ஒரு பல்லுறுப்புக் கோவையால் வகுத்து வரும் மீதி. அனுப்புபவர் அதைக் கடைசியில் ஒட்டி அனுப்புவார். பெறுபவர் அதே கணக்கைப் போட்டு ஒப்பிடுவார். பைட்டுகளை வெறுமனே கூட்டிச் சரிபார்க்கும் செக்சம் முறையில் இரண்டு பைட் இடம் மாறினால் தெரியாது, சிஆர்சியில் தெரியும். 16 பிட் சிஆர்சி, தொடர்ச்சியாக 16 பிட் வரை நீளும் எந்தப் பிழைக் கொத்தையும் கண்டிப்பாகப் பிடிக்கும். தாறுமாறாகக் கெட்ட பாக்கெட் அதை ஏமாற்றி நுழைய 65,536இல் ஒரு வாய்ப்பு. ஒரு பைட் சிஆர்சி என்றால் 256இல் ஒன்று. மோட்டாரை ஓட்டும் விஷயத்தில் 256இல் ஒன்று எனக்குப் போதாது. இந்தச் சில்லுக்கான ஆயத்த நிரல் தொகுப்பான ஆர்எஃப்24 லைப்ரரியில் ‘செட்சிஆர்சிலெங்த்’ மூலம் 16 பிட் வையுங்கள்.

பிட் எங்கே கெட்டது என்று இந்தச் சில்லு சொல்லாது. கெட்டிருக்கிறதா இல்லையா, அவ்வளவுதான். கெட்டிருந்தால் சத்தம் போடாமல் தூக்கி எறிந்துவிடும்.

படி 4: மறு அனுப்பலின் இடைவெளியைக் கணக்குப் போட்டு வையுங்கள்

அந்தக் காலத்துப் பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டை இணைத்து அனுப்பியது போலத்தான் இது. பாக்கெட் நல்லபடியாக வந்தால் பெறும் சில்லு உடனே ஒரு சின்ன ஒப்புகையை, ரேடியோக்காரர்கள் சொல்லும் ‘அக்’ஐ, திருப்பி அனுப்பும். குறித்த நேரத்துக்குள் அது வராவிட்டால் அனுப்பிய சில்லு அதே பாக்கெட்டை மறுபடி அனுப்பும். எத்தனை முறை, எவ்வளவு இடைவெளியில் என்ற இரண்டும் உங்கள் கையில். முறை அதிகபட்சம் 15. இடைவெளி 250 மைக்ரோ விநாடியில் தொடங்கி, 250 250ஆக ஏறி, 4000 வரை.

புதியவர்கள் வழுக்கி விழும் இடம் இதுதான். வேகமாக இருக்கட்டும் என்று இடைவெளியை 250இல் வைத்துவிடுவார்கள். தூரம் கிடைக்கட்டும் என்று வேகத்தை விநாடிக்கு 250 கிலோபிட்டில் வைத்திருப்பார்கள். இந்த இரண்டும் ஒத்துப்போகாது. வெற்று ஒப்புகைக்கு 73 பிட். 250 கிலோபிட்டில் அது வந்து முடிய 292 மைக்ரோ விநாடி. பெறும் சில்லு கேட்பதிலிருந்து பேசுவதற்கு மாற 130 மைக்ரோ விநாடி. கூட்டினால் 422. ஒப்புகை வந்துகொண்டிருக்கும்போதே அனுப்புபவர் பொறுமையிழந்து மறுபடி கத்தத் தொடங்கிவிடுவார். கீழே பாக்கெட் போய்ச் சேர்ந்திருக்கும், மேலே ‘தோல்வி’ என்றே காட்டும். எனவே 250 கிலோபிட்டில் குறைந்தது 500 வேண்டும். ஒப்புகையோடு தரவும் சேர்த்து அனுப்பினால் இன்னும் கூட.

ஆனால் நான் 500லும் நிறுத்த மாட்டேன். வயர்லெஸ் பிழைகள் தனித்தனியாக, ஒழுங்காக இடைவெளி விட்டு வருவதில்லை; கும்பலாக வரும். சமையலறை மைக்ரோவேவ் அடுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அது 2450 மெகாஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ஒவ்வொரு சுழற்சியிலும் ஏறக்குறைய பாதி நேரம் இரைச்சல் போடும். 20 மில்லி விநாடிக்கு ஒருமுறை, 10 மில்லி விநாடி இரைச்சல். நீங்கள் அரை மில்லி விநாடி இடைவெளியில் ஐந்து முறை முயன்றால் ஐந்தும் அந்த இரைச்சலுக்குள்ளேயே விழுந்து மடியும். லைப்ரரியில் ‘செட்ரீட்ரைஸ்’ 5, 15 என்று கொடுத்தால் இடைவெளி 1500 மைக்ரோ விநாடி (0 என்றாலே 250 என்று பொருள், அதனால் 5 என்பது ஆறு பங்கு). 8 பைட் பாக்கெட் காற்றில் 548 மைக்ரோ விநாடி இருக்கும். முதல் முறையும் சேர்த்து 16 முயற்சி என்றால் மொத்தம் சுமார் 33 மில்லி விநாடி. அடுப்பின் ஒரு முழுச் சுழற்சியைத் தாண்டி நிற்கிறோம். நடுவில் ஒரு மௌன இடைவெளி கட்டாயம் மாட்டும்.

வீட்டில் இரண்டு தொட்டி, இரண்டு அனுப்பும் சில்லு, கீழே ஒரே பெறும் சில்லு என்றால் இன்னொன்றையும் கவனியுங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் பேசி மோதிக்கொண்டால், இரண்டும் ஒரே இடைவெளி காத்திருந்து மறுபடி மோதும். ஒன்றுக்கு 1500, மற்றதற்கு 2250 என்று மாற்றி வையுங்கள். ஹவாய் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் குழு 1971இல் இயக்கத் தொடங்கிய அலோஹாநெட் இதே தலைவலியைத்தான் சந்தித்தது. மோதியவர்கள் ஆளுக்கொரு தற்செயலான நேரம் காத்திருக்க வேண்டும் என்பது அவர்கள் கண்ட வழி. ஈதர்நெட்டும் வைஃபையும் அந்த வழியில் வந்தவை.

படி 5: ஒப்புகை தொலைந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்

என்னைக் கேட்டால் மொத்த விஷயத்திலும் முக்கியமான படி இதுதான். பாக்கெட் தொலைவது சின்னப் பிரச்சினை, மறுபடி அனுப்பினால் தீர்ந்தது. ஒப்புகை தொலைவது அப்படியல்ல. மேலே இருப்பவருக்குத் தெரிவதெல்லாம் ‘பதில் வரவில்லை’ என்பது மட்டும்தான். செய்தி போகவில்லையா, போய்ச் சேர்ந்து பதில் மட்டும் தொலைந்ததா என்று அவரால் சொல்லவே முடியாது. ஒப்புகைக்கு ஒப்புகை வைத்தாலும் அந்தக் கடைசி ஒப்புகை தொலையலாம். கணினி அறிவியலில் இதை இரண்டு தளபதிகள் சிக்கல் என்பார்கள். தீர்வு கிடையாது என்பது நிரூபிக்கப்பட்டது. தீர்க்க முடியாததைத் தீர்க்கப் பார்க்காமல், அது நடந்தாலும் கெடுதல் வராதபடி செய்தியை அமைக்க வேண்டும்.

சில்லு ஓரளவு உதவும். ஒவ்வொரு புதுப் பாக்கெட்டுக்கும் அது 2 பிட் அடையாள எண் போடுகிறது. மறு அனுப்பலில் அந்த எண் மாறாது. பெறும் சில்லு, கடைசியாக வந்த பாக்கெட்டின் எண்ணும் சிஆர்சியும் இப்போது வந்ததோடு ஒத்துப்போனால் ‘இது பழையதுதான்’ என்று ஒப்புகை மட்டும் அனுப்பிவிட்டுத் தரவைத் தள்ளிவிடும். நல்ல ஏற்பாடு. ஆனால் 15 முறையும் தீர்ந்து, பாக்கெட்டை அனுப்பச் சொல்லும் ‘ரைட்’ ஃபங்ஷன் தோல்வி என்று திரும்பியதும் உங்கள் நிரல் என்ன செய்யும்? மறுபடி ‘ரைட்’ கூப்பிடும். சில்லைப் பொறுத்தவரை அது புதுப் பாக்கெட், புது எண். முதல் பாக்கெட் உண்மையில் போய்ச் சேர்ந்திருந்தால் கீழே ஒரே கட்டளை இரண்டு தடவை வரும்.

இப்போது உங்கள் கட்டளை ‘மோட்டார் நிலையை மாற்று’ என்று இருந்தால்? ஒரு முறை வந்தால் நிற்கும். இரண்டு முறை வந்தால் நின்று, உடனே மறுபடி ஓடும். மேலே தொட்டி நிரம்பியிருக்கிறது.

அதனால் இப்படி மாற்றுங்கள். மாடியிலிருந்து கட்டளையே அனுப்ப வேண்டாம். ஐந்து விநாடிக்கு ஒருமுறை நீர்மட்டத்தை மட்டும் அனுப்புங்கள்: ‘இப்போது 92 சதவீதம்’. மோட்டாரை நிறுத்துவதா, ஓட்டுவதா என்பதைக் கீழே இருக்கும் போர்டு முடிவு செய்யட்டும். 92 சதவீதம் என்ற செய்தி பத்துத் தடவை வந்தாலும் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. ஒன்று தொலைந்தால் அடுத்தது ஐந்து விநாடியில் வருகிறது. கட்டளை அனுப்பியே ஆக வேண்டிய இடத்தில் ‘மாற்று’ வேண்டாம். ‘நிறுத்து’, ‘ஓட்டு’ என்று தனித்தனியாக வையுங்கள்.

அப்புறம், ஒவ்வொரு செய்தியிலும் உங்கள் சொந்த வரிசை எண்ணாக ஒரு பைட் சேருங்கள். தோல்வி என்று வந்து அதே செய்தியை நீங்களே மறுபடி அனுப்பும்போது அந்த எண்ணைக் கூட்டாதீர்கள். கீழே, கடைசியாக வந்த எண்ணே மறுபடி வந்தால் விட்டுவிடுங்கள். ‘பழைய எண்ணைவிடச் சின்னதா’ என்று பார்க்க வேண்டாம். 255க்குப் பிறகு 0 வரும். கரண்ட் போய் வந்தாலும் எண் 0இலிருந்து தொடங்கும். அப்போது கீழே இருப்பவர் புதுச் செய்திகளையெல்லாம் பழசு என்று தள்ளிக்கொண்டிருப்பார். ஒவ்வொன்றாக அனுப்பும் இந்த ஏற்பாட்டுக்கு ‘சமமா இல்லையா’ என்ற சோதனை போதும்.

இன்னொரு பழக்கத்தையும் கைவிடுங்கள்: தோற்ற பாக்கெட்டுகளை வரிசையில் சேர்த்துவைத்துப் பிறகு ஒவ்வொன்றாக அனுப்புவது. இரண்டு நிமிடத்துக்கு முந்தைய நீர்மட்டம் மோட்டாருக்கு எதற்கு? தோல்வி வந்தால் பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டு, சென்சாரை மறுபடி படித்துப் புது எண்ணோடு புது அளவை அனுப்புங்கள். கணக்கு எழுதும் மீட்டர் என்றால் கதை வேறு, அங்கே ஒரு பதிவும் விடுபடக் கூடாது. எதற்கு எது என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

படி 6: மௌனத்துக்கும் ஒரு விதி

மாடி போர்டின் பேட்டரி தீர்ந்தால் எந்த மறு அனுப்பலும் காப்பாற்றாது. கீழே போர்டில் ஒரு வரி சேருங்கள்: 30 விநாடியாக நல்ல பாக்கெட் எதுவும் வரவில்லை என்றால் மோட்டாரை நிறுத்து. அதோடு, மோட்டார் தொடர்ந்து இவ்வளவு நிமிடத்துக்கு மேல் ஓடக் கூடாது என்று ஓர் உச்ச வரம்பும் வையுங்கள். உங்கள் தொட்டி நிரம்ப எடுக்கும் நேரத்தைவிடக் கொஞ்சம் அதிகம் வைத்தால் சரி. ரேடியோ முழுவதும் ஏமாற்றினாலும் இந்த இரண்டு வரிகள் வீட்டைக் காப்பாற்றும்.

படி 7: வேண்டுமென்றே கெடுத்துப் பாருங்கள்

நல்ல சிக்னலில் சோதித்தால் எதுவும் தெரியாது. மாடி போர்டின் மேல் ஒரு எவர்சில்வர் பாத்திரத்தைக் கவிழ்த்து வையுங்கள். அனுப்பும் சக்தியைக் குறைத்துப் பாருங்கள். அப்புறம் ஒரு சின்னத் தந்திரம்: ‘ரைட்’ வெற்றி என்று திரும்பினாலும் நாலு தடவைக்கு ஒரு தடவை அதைத் தோல்வியாகப் பாவித்து, அதே வரிசை எண்ணோடு மறுபடி அனுப்பச் சொல்லுங்கள். ஒப்புகை தொலைந்த நிலை அப்படியே கிடைத்துவிடும். மோட்டாருக்குப் பதில் ஒரு எல்இடியை மாட்டி, அது தப்பாக மினுக்குகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

கடைசிப் பாக்கெட் எத்தனை மறு அனுப்பலில் போனது என்பதைச் சில்லு எண்ணி வைத்திருக்கிறது. ‘கெட்ஏஆர்சி’ கூப்பிட்டால் கொடுக்கும். அதைச் சீரியல் மானிட்டரில் ஓடவிட்டு ஒரு நாள் கவனியுங்கள். பெரும்பாலும் 0, எப்போதாவது 1, 2 என்றால் கைவைக்காதீர்கள். அடிக்கடி 5ஐத் தாண்டினால் நிரலைவிட ஆன்டெனாவின் இடத்தை மாற்றுவதே பலன் தரும். தொட்டிக்குப் பின்னால் இருக்கிறதென்றால் முன்னால் கொண்டு வாருங்கள், ரேடியோ அலை தண்ணீரைத் தாண்டி வரப் பெரும்பாடு படும். மாலையில் மட்டும் எண்ணிக்கை ஏறினால் வைஃபை நெரிசல், சேனலை மாற்றுங்கள். பூஜ்யமாக்கியே தீருவேன் என்று மட்டும் உட்காராதீர்கள். 4ஜி கோபுரங்களே முதல் முயற்சியில் பத்தில் ஒன்று தோற்கட்டும் என்ற அளவில்தான் வேகத்தை வைக்கின்றன. பத்தும் ஜெயிக்கிறது என்றால் இன்னும் வேகமாகப் போயிருக்கலாம் என்று அர்த்தம்.

மறு அனுப்பல் உதவாத இடங்கள்

கெட்டதைக் கேட்டு வாங்காமல், பெறுபவரே திருத்திக்கொள்வது இன்னொரு வழி. பெல் ஆய்வகத்தில் ரிச்சர்டு ஹேமிங், வார இறுதியில் ஆளில்லாத நேரத்தில் ரிலே கணினி பிழையைக் கண்டதும் தன் வேலையைக் கைவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவதைப் பார்த்து எரிச்சலடைந்தார். பிழை இருப்பது தெரிகிறதென்றால் எங்கே என்றும் தெரிய வேண்டியதுதானே என்று யோசித்து 1950இல் வெளியிட்டதுதான் ஹேமிங் குறியீடு. ஒரு தாளை எடுத்துப் போட்டுப் பாருங்கள், அரை மணி நேரம் கூட ஆகாது.

தரவு 1011. ஏழு இடங்கள். 3, 5, 6, 7ஆம் இடங்களில் தரவை வையுங்கள். 1, 2, 4ஆம் இடங்கள் சரிபார்ப்புக்கு. 1ஆம் இடம் 1, 3, 5, 7ஐ இரட்டைப்படையாக்க வேண்டும். 2ஆம் இடம் 2, 3, 6, 7ஐ. 4ஆம் இடம் 4, 5, 6, 7ஐ. போட்டால் 0110011 வரும். இப்போது வழியில் 5ஆம் பிட் கெட்டு 0110111 என்று வந்தது. முதல் குழுவில் ஒற்றைப்படை, தப்பு. இரண்டாவது சரி. மூன்றாவது தப்பு. தப்பான குழுக்களின் எண்கள் 1, 4. கூட்டினால் 5. கெட்ட இடமே அகப்பட்டுவிட்டது, புரட்டினால் சரியாகிவிடும். ஆனால் இரண்டு பிட் கெட்டால் இது நல்ல பிட் ஒன்றைத் தப்பாகத் திருத்தி, எல்லாம் சரி என்றும் சொல்லும். அதனால் திருத்தும் குறியீடு இருந்தாலும் வெளியே ஒரு சிஆர்சி வேண்டும்.

இதை நம் தொட்டி ரேடியோவில் நிரலாக எழுதிச் சேர்க்கலாமா? வேண்டாம் என்பேன். அந்தச் சில்லில் தானியங்கி ஒப்புகை இயங்கினால் சிஆர்சியும் கட்டாயம் இயங்கும். கெட்ட பாக்கெட்டை உங்களிடம் காட்டாமலே எறிந்துவிடும். திருத்துவதற்குக் கையில் ஒன்றும் இருக்காது. வீட்டுக்குள் மறு அனுப்பலின் விலை இரண்டு மில்லி விநாடி, அதைவிட மலிவாக ஒன்றும் கிடைக்காது.

அந்த விலை ஏறும் இடத்தில்தான் திருத்தும் குறியீடு தேவைப்படும். செவ்வாயைச் சுற்றும் கலத்திடம் ‘மறுபடி சொல்’ என்றால், தூரத்தைப் பொறுத்துப் பதில் வர ஆறு நிமிடத்திலிருந்து முக்கால் மணி நேரம் வரை ஆகும். 433 மெகாஹெர்ட்ஸ் மலிவு மாட்யூல்களில் ஒரு பக்கம் அனுப்ப மட்டுமே தெரியும், கேட்க வழியே இல்லை. திருத்தும் குறியீடு எழுதத் தெம்பில்லாவிட்டால் ஒவ்வொரு செய்தியையும் இடைவெளி மாற்றி மாற்றி மூன்று நாலு முறை அனுப்பிவிடுங்கள். கைபேசி இரண்டையும் கலக்கிறது: கெட்ட பாக்கெட்டை எறியாமல் வைத்திருந்து, மறுபடி வருவதோடு சேர்த்துப் பார்த்து, இரண்டு அரைகுறையிலிருந்து ஒரு முழுமையை எடுக்கிறது.

தோட்டத்துக் கிணற்று மோட்டார் கிலோமீட்டர் கணக்கில் தள்ளியிருந்து லோரா (நெடுந்தூர ரேடியோ) மாட்யூல் போடுபவர்களுக்கு, திருத்தம் சில்லுக்குள்ளேயே இருக்கிறது. கோடிங் ரேட் என்ற அமைப்பு அதுதான்; 4/5 என்றால் நாலு பிட் தரவுக்கு ஐந்து பிட் போகும். 4/5, 4/6இல் பிழையைக் கண்டறிய மட்டும் முடியும், 4/7, 4/8இல் நாலு பிட் கொத்துக்கு ஒரு பிட்டைத் திருத்தவும் முடியும். ஸ்ப்ரெடிங் ஃபேக்டர் (சிக்னலை நேரத்தில் எவ்வளவு நீட்டி அனுப்புவது என்ற அமைப்பு) 12, அலை அகலம் 125 கிலோஹெர்ட்ஸ் என்று வைத்தால் 10 பைட் பாக்கெட் 4/5இல் காற்றில் 0.99 விநாடி இருக்கும். 4/8க்கு மாற்றினால் 1.19. கூடுதல் செலவு 0.2 விநாடி. ஒரே ஒரு மறு அனுப்பலுக்கு இன்னொரு 0.99, அதோடு ஒப்புகைக்குக் காத்திருக்கும் நேரமும், அந்த நேரமெல்லாம் பேட்டரியும். இங்கே 4/8 வைத்து, மறு அனுப்பலை இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஐந்து விநாடிக்கு ஒருமுறை அனுப்பும் பழக்கத்தையும் ஐந்து நிமிடமாக்குங்கள், ஆறாவது படியில் வைத்த 30 விநாடியையும் அதற்கேற்பக் கால் மணி நேரமாக நீட்டுங்கள்.